குண்டு விமானத்துக்கு எடை பார்த்தவன்

தராசு பிடித்துப் பிழைக்கிறவனை இந்த உலகத்தில் யாரும் நம்புவதில்லை. அரிசிக் கடையானாலும் ஈயக் கடையானாலும் அதே கதிதான். என்னோடு சேர்ந்து திட்டு வாங்கும் சக தராசுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தைப்பிங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எடைக் கிராணி. பால்மரப் பட்டையை வெட்டிப் பால் எடுக்கிறவர்கள் கொண்டுவரும் ஒட்டுப்பாலை, அதாவது கோப்பையில் ஒட்டி உறைந்துபோன பாலை, நிறுத்து எழுத வேண்டும். தைப்பிங் மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஈரமாக வரும் ஒட்டுப்பாலில் தண்ணீருக்கென்று கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவோம். எவ்வளவு கழிப்பது என்பதற்குச் சட்டம் கிடையாது. கிராணியின் கண்தான் சட்டம். இதனால் எனக்குக் கிடைத்த ஆசீர்வாதங்களை இங்கே எழுத முடியாது.

லோரியும் விமானமும்

ஐரோப்பாவில் சண்டை முடிந்த சில வருஷங்களில், குண்டு போட்ட பெரிய விமானம் ஒன்றை ஒரு வெள்ளைக்காரர் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் ஆட்களை ஏற்றிப் பறந்துகாட்டினார். தைப்பிங் குதிரைப் பந்தயத் திடலில் அது வந்து இறங்கியது. ஏறுகிறவர்களை நிறுக்காமல் ஏற்றமாட்டேன் என்றார் அந்த பைலட் துரை. எங்கள் தோட்டத்துத் துரை, ரப்பர் கட்டு நிறுக்கும் பலகைத் தராசையும் அதோடு என்னையும் இரவல் கொடுத்தார். அதற்குக் கைம்மாறாகக் கடைசிச் சுற்றில் இரண்டு இடம் இலவசம். ஒன்று எனக்கு. இன்னொன்று தொழிலாளர்களுக்குள் குலுக்கிப் போட்டு, மாரியாயி என்ற பால்வெட்டுக்காரிக்கு விழுந்தது. நான் மச்சானிடம் கோட்டு இரவல் வாங்கினேன். பறக்கப்போகிறேன் என்று மாமியார் வீடு வரைக்கும் சொல்லி அனுப்பினேன்.

முதல் நாள் ஒரு லோரி முதலாளி வந்து, “இது எவ்வளவு தூக்கும்?” என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். பைலட் துரை பதிலுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்டார். தூரம் போக வேண்டுமானால் பெட்ரோல் நிறைய வேண்டும், அப்போது குண்டைக் குறைக்க வேண்டும். கிட்டத்தில் என்றால் பெட்ரோலைக் குறைத்துக் குண்டைக் கூட்டலாம். புல் நனைந்திருந்தால் இரண்டையுமே குறைக்க வேண்டும். இதையெல்லாம் நான் தமிழில் விளக்கி முடித்ததும் லோரி முதலாளிக்கு மனசே விட்டுப்போயிற்று.

“இதுவா சண்டைக்குப் போச்சு? நம்ம லோரி தேவல லா. எவ்வளவு ஏத்தினாலும் வாயத் தொறக்காது.”

மெல்லச் சொல்லும்

தோட்டத்தில் எடையை உரக்கக் கூவுவது வழக்கம். அங்கேயும் கூவினேன். ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், கழுத்துப் பட்டையும் தொப்பியுமாகப் பலகையில் ஏறினார். தராசு ஒருமுறை முனகியது. நான் திடல் முழுக்கக் கேட்கிற மாதிரி எடையைச் சொன்னேன். பைலட் துரை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, றெக்கைக்கு நேராக நடுவில் உட்காரவைக்கச் சொன்னார். சண்டைக் காலத்தில் கனத்த குண்டுகள் தொங்கின இடமாம் அது.

அதற்கெல்லாம் அந்த மனிதர் வருத்தப்படவில்லை. தள்ளி நின்ற தன் சம்சாரத்தைக் கண்ணால் காட்டி, என் காதருகே குனிந்து வேறொன்று சொன்னார்.

“தம்பி, கத்தாதையும். அங்கால மனிசி நிக்கிறா. நான் அவவுக்குச் சொல்லி வச்ச எடை வேற.”

கங்காணியின் இடுப்பு

எங்கள் கங்காணி தராசில் ஏறியபோது பார்த்ததைவிட லேசாக இருந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. ஏணியில் கால் வைக்கும்போது அவர் இடுப்பு மட்டும் திடீரென்று பருத்துவிட்டது. தடவிப் பார்த்தால் வெற்றிலைப் பெட்டி, சாவிக்கொத்து, போதாததற்கு வெற்றிலை இடிக்கும் இரும்பு உரல்! நிறுக்கும்போது எல்லாவற்றையும் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டு, இறங்கியதும் வாங்கிச் செருகிக்கொண்டிருக்கிறார். பைலட் துரை உரலைக் கையில் வாங்கிப் பார்த்து, இதை மேலேயிருந்து போட்டால் ஒரு வீடு போய்விடும் என்றார். கங்காணி அசரவில்லை.

“என்னய நிறுக்கணும்னாங்க, ஏறி நின்னேன். வெத்தலப் பெட்டிய யாரு நிறுக்கச் சொன்னா?”

தண்ணீருக்குக் கழிவு

கடைசிச் சுற்றுக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. விட்டபோது திடல் சேறாகிவிட்டது. பைலட் துரை கொஞ்சம் பெட்ரோலை இறக்கினார், ஆட்களைக் குறைத்தார். இலவச இடம் இரண்டில் ஒன்றுதான் என்றும், இருவரில் எடை குறைந்தவர் ஏறட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நான் ஒல்லி, அதோடு தராசுக்குப் போட்டிருந்த கூடாரத்துக்குள் நின்றதால் நனையவுமில்லை. மாரியாயியோ காலையிலிருந்து வெளியே வரிசையில் நின்றவள். தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிறுத்தோம். என்னைவிட நான்கு ராத்தல் கூடுதல்! நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

மாரியாயி பலகையைவிட்டு இறங்கவில்லை. “கிராணியாரே, ஒட்டுப்பாலுக்குத் தண்ணி கழிக்கிறீங்களே, எனக்குக் கழிக்க மாட்டீங்களா?” என்றாள். தோட்டத்து ஜனம் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. தமிழ் தெரிந்த எங்கள் துரையும் சிரித்துக்கொண்டே, “கிராணி, இந்த ஈரத்துக்கு எவ்ளோ கழிப்பே?” என்று கேட்டார். சொட்டுகிற சாக்கைக் கண் பார்த்தது. பழக்கதோஷத்தில் வாய் “பத்து” என்றுவிட்டது.

உங்கள் கழிவு என் விமானத்துக்குத் தெரியாதே என்றார் பைலட் துரை. அவள் சாக்கைத் தரையில் வீசினாள், முந்தானையைப் பிழிந்தாள், மறுபடி நின்றாள். என்னைவிட ஒரு ராத்தல் குறைவு. அவள் ஏணியில் ஏறிப் போனாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? விமானம் சேற்றில் இழுத்து இழுத்து ஓடி, வேலியோரத்து மரங்களைத் தொட்டும் தொடாமலும் எழும்பியது. அந்த ஒரு ராத்தலும் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

இறங்கி வந்தவள் நேரே என்னிடம்தான் வந்தாள். என்ன பார்த்தாய் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எல்லாம் தெரிஞ்சிச்சுங்க கிராணியாரே. தோட்டம், நாங்க குடியிருக்கிற லயம், ஸ்டோரு, உங்க தராசுகூடத் தெரிஞ்சிச்சு. நீங்க மட்டும் கண்ணுக்குத் தெரியல. உங்களத் தண்ணிக்குக் கழிச்சிட்டாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

குண்டு விமானம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், என் எடைக்கு ஒரு ராத்தல் குறைவாகத் தாங்கும் என்று சொல்லிவிடுகிறேன்.