அமிர்தம் கழித்துப் போட்ட சுத்தி

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தும் அமிர்தம் தரம் பிரிக்கும் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் சோற்று மணியைத் தாண்டி உட்கார்ந்ததில்லை.

இது 2006இல் நடந்தது. விருத்தாசலம் தொழிற்பேட்டையில், மின்சாரப் பெட்டிக்குள் மாட்டுகிற பியூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே சூப்பர்வைசர், பெயர் கலியமூர்த்தி. யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அமிர்தத்தின் பக்கத்தில் நான் வெறும் அப்பாவி. டீக்கடையில் பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் டீ போடச் சொல்வாள். திட்டக்குடி என்று போர்டு மாட்டிய பஸ்ஸாக இருந்தாலும் டிரைவர், கண்டக்டர் இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள்.

சூளையிலிருந்து வரும் கட்டைகளிடமும் அதே கதைதான். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து நகத்தால் சுண்டுவாள். கணீரென்று கேட்டால் தேறியது. சத்தம் செத்திருந்தால் சிவப்பு மையில் முக்கித் துடைத்து, மேலே வெள்ளை மண்பொடியைத் தூவுவாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், உள்ளே போன மை பொடியில் கசிந்து சிவப்புக் கோடாக வரும். உடனே கழிவுக் கூடை. அவள் அதிகமாகக் கழிக்கிறாள் என்று முதலாளிக்கு எரிச்சல், எனக்கு அதைவிட எரிச்சல்.

சத்தமில்லாமல் போய் அவள் பின்னால் நின்றேன். கைக்குட்டையில் ஏதோ இரும்புத் துண்டு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கறுப்பாக, ஒரு முனை வளைந்திருந்தது.

“என்னம்மா அது?”

அவள் திடுக்கிடவில்லை. “எங்க வூட்டுக்காரரு துப்பாக்கியில இருந்து எடுத்தாந்தேன் சார். குண்டு வெடிக்க உள்ள அடிக்குமே, அந்தச் சுத்தி.”

அவள் புருஷன் நல்லமுத்து பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். லைசென்ஸ் வாங்கிய பிஸ்டலோடு கடைவீதி நகைக்கடையில் காவலுக்கு நிற்கிறார். சொந்தத் துப்பாக்கி இருப்பதால்தான் அந்த வேலையே. அதன் உறுப்பு என் மேசையில் கிடக்கிறது. போலீஸ் வந்தால் யாரைப் பிடிப்பான்? என்னைத்தான்.

“மூணு மாசம் முன்ன, பழைய சுத்தி தேஞ்சு போச்சுன்னு மெட்ராஸ் கடையில மாத்துனாரு சார். பழசு கெட்டி இரும்பைக் கடைஞ்சு எடுத்தது. இது அப்பிடி இல்லையாம். இரும்புப் பொடியில பசையைக் கலந்து, அச்சுல அழுத்தி, சூளையில வச்சுச் சுடுறாங்களாம். வெளிநாட்டுல இப்ப இப்பிடித்தான்னு கடைக்காரன் சொன்னானாம். இவரு அதைப் பெருமையா வந்து சொல்றாரு. நமக்குத் தெரியாதா சார்? சூளைக்குள்ள போனது சுருங்கும். சுருங்குறப்ப மூலையிலதான் பொளக்கும்.”

“அது இரும்பும்மா. நம்ம கட்டை மாதிரியா?”

சுண்டினாள். டொக் என்றது. “இரும்பு இப்படித்தான் கேக்கும்” என்றேன்.

“அதனாலதான் சார் இதுல காதை நம்பல” என்று மைத்தட்டில் போட்டாள். நன்றாக ஊற விட்டாள். பிறகு துடைத்து, பொடியைத் தூவினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வளைவின் உள்மூலையில் தலைமுடி கணக்காக ஒரு கோடு சிவந்து வந்தது.

அந்த நேரம் பார்த்து நல்லமுத்து வந்து சேர்ந்தார். அன்றைக்கு அவருக்கு லீவு. காலையில் பிஸ்டலைத் துடைக்கப் பிரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் சுத்தியைக் காணோம்.

“எடுத்தது நீதான? உனக்கு உலகத்துல எதுலதான் நம்பிக்கை இருக்குது? இருவது தோட்டா போட்டுப் பாத்துட்டேன். இருவதும் வெடிச்சுது.”

“இருவத்தொண்ணாவது வெடிக்கும்னு எவன் எழுதிக் குடுத்தான்?” என்று சுத்தியை அவர் கையில் வைத்தாள்.

அவர் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார். தானே பொடியைத் தூவினார். கோடு மறுபடியும் வந்தது. அந்த மனிதரின் முகம் அப்படித் தொங்கி நான் பார்த்ததில்லை.

“துப்பாக்கி ரிப்பேருன்னு சொன்னா நாளைக்கே வேற ஆளைப் போட்டுருவாங்க. வேப்பூர்க்காரன் ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்” என்றார். சுத்தியில் ஒட்டிய பொடியைத் தட்டிக்கொண்டே, “மூணு வருசமா நகைக்கடையில துப்பாக்கிய உறையை விட்டு எடுத்ததே இல்ல. இதையே மாட்டிக்கிட்டுப் போறேன். யாருக்குத் தெரியப் போவுது?”

அமிர்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “எடுக்க வேண்டிய அன்னிக்கு எதுர்ல நிக்கிறவனுக்குத் தெரியுங்க. சார், நீங்களாவது சொல்லுங்க.”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, “ஒரு மயிரிழைதானேம்மா. நீ கழிச்சுப் போட்டதுல இந்த மாதிரி லேசா கோடு விழுந்ததை எல்லாம், அவசர ஆர்டருக்குப் பெட்டியோட அடியடுக்குல வச்சு அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கல” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நல்லமுத்து அந்தச் சுத்தியைக் கைக்குட்டையில் முடிந்து அவளிடம் கொடுத்தார்.

“நான் வேலைக்குப் போவல அமிர்தம். இதையும் இவரை மாதிரி ஒருத்தர்தான் பெட்டியில வச்சு அனுப்பியிருப்பாரு” என்றார்.

சொன்னபடியே அவர் போகவில்லை, வேலையும் போயிற்று. மறுவாரம் மெட்ராஸில் அந்தக் கடைக்காரன் கண்ணெதிரிலேயே சுட்டுப் பார்த்தபோது, நாலாவது தோட்டாவில் சுத்தி அதே மூலையில் உடைந்து விழுந்ததாம். கடைக்காரன் வேறு சுத்தி போட்டுக் கொடுத்தான். ஆனால் நகைக்கடை வாசலில் அதற்குள் வேப்பூர்க்காரன் நின்றுகொண்டிருந்தான்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நல்லமுத்து கேட்டைத் தாண்டியதும் அமிர்தம் மேசைக்குத் திரும்பவில்லை. ஆணி அடித்து லாரிக்காகக் காத்திருந்த ஆறு பெட்டிகளிடம் நேராகப் போனாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் பெட்டியை நெம்பித் திறந்து, அடியடுக்கில் கைவிட்டு ஒரு கட்டையை எடுத்துச் சுண்டினாள். செத்த சத்தம் எனக்கே கேட்டது.

“தட்டைப் பிடிங்க சார்” என்றாள்.

மைத்தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன்.