ஒவிலா மகளுக்குச் செய்த சீர்

குளிர்தேசத்து ஊரான மட்டானில் அந்தக் காலத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், வசதியுள்ள அப்பன் அவள் வாயிலுள்ள பற்களையெல்லாம் பிடுங்கி, பல் செட்டு கட்டி அனுப்புவான். மருமகனுக்குப் பிற்காலத்தில் பல் வைத்தியச் செலவு வரக்கூடாதல்லவா! இதைக் கொடுமை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெண்ணைப் பல்லோடு அனுப்புவதுதான் அங்கே குறைச்சலாகப் பேசப்பட்டது.

மரம் அறுக்கும் மில்லில் தொழிலாளியான ஒவிலா லெபாஜுக்கு அந்தக் குறைச்சல் ஏற்கெனவே இரண்டு முறை நேர்ந்திருந்தது. மூத்த பெண்கள் இருவரையும் வெறுமனேதான் கட்டிக் கொடுத்தார். கடைக்குட்டி ஜோர்ஜெத்துக்காவது முறையாகச் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம்.

ஜோர்ஜெத்துக்கு மேல்வரிசையில் முன்னால் ஒரு பல் கிடையாது. சிறு வயதில் பனியில் சறுக்குப் பலகையோடு போய் வேலியில் மோதியபோது போனது. மற்றவை ஒன்றுகூடச் சொத்தையில்லை. ஆனாலும் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். கல்யாணத்தன்று கையை எடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில், வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறிப் பக்கத்து நகரமான ரிமூஸ்கிக்குப் போனாள்.

"ஒரு பல்லுக்காக எல்லாத்தையும் ஏம்மா பிடுங்கணும்?" என்றார் அங்கிருந்த பல் டாக்டர் பெருபே. "பிரிட்ஜ் போட்டுடலாம். ரெண்டு பக்கத்துப் பல்லையும் அராவி உறை மாட்டிட்டா, நடுவுல இருக்கிற பொய்ப்பல்லை அது ரெண்டும் தாங்கிக்கும்."

"ராத்திரி கழட்டி வைக்கணுமா?"

"கழட்டவே முடியாது. ஒட்டிடுவோம்."

மாதிரிப் பற்களை அவள் உதட்டருகே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து நிறம் தேர்ந்தெடுத்தார். ஈஸ்டர் கழிந்து வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஒவிலாவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

"ஒரு பல்லை வைக்கிறதுக்கு ரெண்டு நல்ல பல்லை அராவுறானா? அது எத்தனை வருஷம் நிக்குமாம்?"

"பதினஞ்சு வருஷம் போல, அப்பா."

"அப்புறம்? மூணும் போகும். நான் உனக்கு ஆயுசுக்கும் வலியில்லாம பண்ணித் தரேன். ஜாந்திரோன் டாக்டர்கிட்ட பேசியாச்சு. ஈஸ்டர் முடிஞ்சதும் வீட்டுக்கே வர்றார்."

அம்மா எக்ஸில்டா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "உங்க அக்காளுங்களுக்குக் கிடைக்காத யோகம்டி. மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க?" என்றாள்.

குளிர்காலம் முழுக்கக் காட்டில் மரம் வெட்டிவிட்டுத் திரும்பிய பிலியாஸிடம், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனிடம், அப்பாவிடம் இது வேண்டாமென்று சொல்லும்படி ஜோர்ஜெத் கேட்டுப் பார்த்தாள். அவன் தன் மேல்வரிசைப் பல் செட்டைக் கழற்றிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, பொக்கை வாயால் சிரித்தான்.

"இங்க பாரு. பாதிரியார் பிரசங்கம் பண்றப்போ பாக்கெட்ல போட்டுக்குவேன். உன் பல்லு அப்படி வெளிய வருமா?"

"நான் விளையாடலை, பிலியாஸ்."

"நான் வேண்டாம்னா உங்கப்பா மனசு என்ன ஆகும்? எங்கம்மா வேற ஊரெல்லாம் சொல்லிட்டா."

ஈஸ்டர் கழிந்த வாரம் ஜாந்திரோன் டாக்டர் சமையலறையில் பையைத் திறந்தார். ஜோர்ஜெத்தின் வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"ஒவிலா, இதுல ஒண்ணும் கெடலையே."

"கெடுற வரைக்கும் காத்திருக்கணுமா, டாக்டர்?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

அதுவரை யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டு, தலையை நனைத்து வாரி, கையில் இரும்புச் சட்டியோடு நின்றிருந்தார் அவர். வாழ்நாளில் அவர் முகம் அவ்வளவு நிறைந்து அவள் பார்த்ததில்லை.

"சரி, டாக்டர்" என்றாள்.

சட்டியில் பல் விழுந்த ஒவ்வொரு சத்தமும் அவளுக்குக் கேட்டது. ஈறு ஆறுமுன்னே கட்டிய செட்டு ஜூன் மாதக் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தது. வரிசை தப்பாத பற்கள்; எல்லோரும் மெச்சினார்கள். அவள் கையை எடுத்துவிட்டுத்தான் சிரித்தாள். அன்றைக்குக் கஞ்சியைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை.

பல்லின் வேரில்லாத தாடை எலும்பு வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. கீழ்ச் செட்டு பேசும்போதே நழுவ ஆரம்பித்தது. சர்ச் பாட்டுக் குழுவிலிருந்து தானாக விலகிக்கொண்டாள். நாற்பதைத் தொடுமுன்னே மூக்கும் முகவாயும் நெருங்கிவிட்டன. பேருந்தில் அவளுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒவிலா மட்டும் வருகிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு பல்வலின்னு ஒரு நாள் படுத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யில்லை.

நுரையீரல் கெட்டு அவர் படுக்கையில் விழுந்த மார்ச் மாதத்தில் ஜோர்ஜெத்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். ஒரு பிற்பகல் அவர் அவள் கையைப் பிடித்தார்.

"உனக்கு வீடு வாசல்னு எதுவும் வைக்கல. ஆனா உன் பல்லு விஷயத்துல நல்லது பண்ணேன்ல?"

ஆமாம் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்லப்பா. அதெல்லாம் நல்ல பல்லு. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு."

ஒவிலா அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அந்த முகத்தை அவர் அதற்குமுன் பார்த்திருந்தாரா என்பது சந்தேகம்தான்.

"டாக்டர் உன்னைக் கேட்டாரேம்மா" என்றார். "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் விட்டிருப்பேனே."