நாற்பத்தைந்து டிகிரியில் போன குண்டு

பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். எறியப்பட்ட பொருள் எப்படிப் போகும், எங்கே விழும் என்று மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் நான் எதையும் எறிந்ததில்லை. அந்தக் குறையும் எங்கள் அடுக்குமாடிச் சங்கம் பொங்கலுக்கு வைத்த விளையாட்டு விழாவில் தீர்ந்தது.

குண்டு எறிதலுக்கு என் பெயரோடு மனைவி பெயரையும் கொடுத்தேன். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். தாராபுரத்தில் பள்ளியில் படித்தபோது குண்டு எறிந்தவள். ஆனால் விஞ்ஞானம் தெரியாமல் எறிந்தவள். ஆகவே ஒரு வாரம் சாப்பாட்டு மேசையிலேயே பாடம் எடுத்தேன். நாற்பத்தைந்து டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்று தட்டில் சட்னியால் வரைந்தும் காட்டினேன்.

"ஏனுங்க, தோசை ஆறுதுங்க," என்றாள்.

விழாவன்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாலு கிலோ குண்டுதான் இருந்தது. முதலில் என் முறை. எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டி சரியாக நாற்பத்தைந்து டிகிரியில் இருப்பதைக் கைபேசியில் அளந்து வைத்திருந்தேன். தொட்டியைப் பார்த்தே எறிந்தேன். குண்டு கம்பீரமாக மேலே போய், அதே கம்பீரத்தோடு பக்கத்திலேயே இறங்கியது. டேப் பிடித்திருந்த சங்கச் செயலாளர் துள்ளி விலகினார்.

"சார், நாங்க தூரந்தானுங்க அளக்கறோம், உயரம் இல்லீங்க," என்றார் மரியாதையாக.

அடுத்து மனைவி. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, குண்டைத் தாடைக்கடியில் வைத்து, முதுகைத் திருப்பி நின்றாள். ஒரே சுழற்சியில் தள்ளினாள். குண்டு தாழ்வாகப் போனது.

"கோணம் பத்தலை," என்று வெளியிலிருந்து எச்சரித்தேன்.

என் தூரத்தைப் போல இரண்டு மடங்கு தாண்டி விழுந்தது. நானும் கை தட்டினேன், வேறு வழியில்லாமல்.

அன்று மத்தியானம் புத்தகத்தை எடுத்தேன். தரையிலிருந்து கிளம்பி அதே மட்டத்தில் விழும் பொருளுக்குத்தான் நாற்பத்தைந்து. குண்டு தோளுக்கு மேலிருந்து கிளம்புகிறது. போதாக்குறைக்கு, மேல்நோக்கித் தள்ளத் தள்ளக் கைக்கு எடை கூடுதலாகத் தெரியும், வேகம் குறையும். அதனால் நாற்பதுக்கும் கீழே எறிவதுதான் லாபம். எல்லாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது. 'பரீட்சைக்கு வராது' என்று வருடா வருடம் நான் தள்ளிவிடும் பக்கம்.

அரை மணி நேரம் மனைவிக்கு இதை விளக்கினேன். பரிசாக வந்த ஹாட்பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் போட்டது சரிதானுங்களா?"

"சரிதான்."

"எங்க பி.டி. டீச்சர், 'வானத்தப் பாக்காதே கண்ணு, முன்னால பாரு'ன்னு மட்டுந்தானுங்க சொன்னாங்க. அரை மணி நேரமெல்லாம் ஆகலீங்க."

இந்த வருடம் அந்தப் பக்கத்தையும் வகுப்பில் நடத்தினேன். சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா என்று ஒரு மாணவி கேட்டாள். நானே நேரில் எறிந்து பார்த்தேன் என்று சொன்னேன். எவ்வளவு தூரம் போனது என்று அடுத்துக் கேட்டாள். கரும்பலகையை அழிக்க ஆரம்பித்தேன்.