அண்ணன் செய்த கம்பிவலை

எங்கள் தெருக்கோடியில் ஒரு குளம். அது நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையிலுள்ள குழாய் வழியாக வெளியேற வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முதலில் நுழைவது எங்கள் வீட்டில்தான், அதிலும் அண்ணியின் தையல் அறையில். மூன்று மெஷின்களும் அங்கேதான். வீட்டில் அடுப்பு எரிவதே அவற்றால்தான். அதனால் தூறல் விழுந்ததுமே அண்ணி கத்தரியைப் போட்டுவிட்டுக் குப்பை வாரியோடு ஓடுவார். குழாய் வாயின் கம்பிகளில் சிக்கிய பாட்டில், கிளை, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் இழுத்துத் தூரமாகக் கொண்டுபோய்க் கொட்டுவார். கரையிலேயே விட்டால் அடுத்த மழைக்கு அதே குப்பை திரும்பி வந்துவிடும். தெருவில் அவருக்குப் பெயர் 'குப்பை கலெக்டர்'. வைத்தவன் நான்தான்.

அண்ணன் வெல்டர். அக்கம்பக்கத்து இரும்பு கேட்டுகள் எல்லாம் அவர் கைவண்ணம். எங்கள் வாசல் கதவை மட்டும் இன்னும் கயிறு போட்டுத்தான் கட்டுகிறோம். கேட்டால், "நாளைக்குப் பார்க்கலாம்." அந்த மனுஷருக்கு என்ன தோன்றியதோ, அண்ணியின் முழங்கால் வலியைப் பார்த்துவிட்டு, நெருக்கமான கம்பிவலை ஒன்றைச் செய்து குழாய் வாயில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டு வந்தார்.

"இனிமே ஒரு தூசி உள்ள போகாது. மழையில நீ ஓட வேண்டாம்."

எதிலும் நொட்டை சொல்லும் அண்ணி அன்று வாயே திறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அந்த வாரமே ஒரு மதியம் மழை பிடித்துக்கொண்டது. பழைய கம்பிகளின் இடைவெளியில் இலைகள் தாராளமாகப் போய்விடும். இந்த வலையிலோ ஒவ்வொரு இலையும் தட்டையாக ஒட்டிக்கொண்டது. அண்ணி சுரண்டச் சுரண்ட அடுத்த இலை வந்து அப்பியது. தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தொட்டுவிட்டது. நான் மெஷின்களைக் கட்டில்மேல் ஏற்றப் பார்த்து, ஒன்றைக்கூட அசைக்க முடியாமல் குளத்துக்கே ஓடினேன்.

பட்டறையிலிருந்து ஓடி வந்த அண்ணன் ஸ்பேனரோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியிருந்தார். போல்ட் அசைவேனா என்றது.

"எவன்டா இப்படி முடுக்குனது?" என்று கத்தினார்.

"நீதாண்ணே."

கடைசி போல்ட் கழன்றதும் தண்ணீர் இரைச்சலோடு வெளியேறியது. வெள்ளம் படியோடு நின்றுவிட்டது, தையல் அறை தப்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த அண்ணன் வலையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி எதிரில் உட்கார்ந்தார்.

"இது அடைச்சுக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பார்த்ததுமே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அண்ணி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்குன்னு நீங்க செஞ்ச முதல் பொருள். அதைப் போய் எப்படி வேண்டாம்னு சொல்றது?"

மறுநாள் அண்ணன் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக எங்கள் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் செய்தார்.