ஒன்பது இலக்கங்கள்

இன்று கடையொன்றில் லெமினேட் செய்த அட்டையிலிருந்து எழுந்த சூடான பிளாஸ்டிக் வாசம், போர்க்காலத்தில் விசாவுக்காக நாங்கள் காத்திருந்த கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜுக்கு என்னை இழுத்துப் போய்விட்டது. கடலோர ரயில் போகும்போதெல்லாம் யன்னல்கள் அதிரும் அந்த லொட்ஜில், வெளியே போகப் பயந்த பின்னேரங்களில், கணிதம் படித்த அண்ணா எல்லாருடைய அடையாள அட்டைகளையும் வாங்கி, அந்த ஒன்பது இலக்க எண்களை வகுத்துக்கொண்டிருப்பான். அம்மாவினது மூன்றால் வகுபடும், பக்கத்து அறை அன்ரியினது பதினேழால். மாதக்கணக்காக எதால் வகுத்தும் மீதி வந்துகொண்டேயிருந்த தன் எண்ணில்தான் அவனுக்குப் பெருமை.

“என்ர நம்பர் ஒண்டாலயும் பிரிபடாது.”

இராணுவத்தினரின் சுற்றிவளைப்பு நடந்த காலையில் எங்களை வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். அட்டையை அறையில் விட்டுவிட்டு வந்த அன்ரிக்காக அண்ணா அவவின் எண்ணைக் கடகடவென்று ஒப்புவித்தான். மற்றவர்களுடையதும் தெரியுமா என்று அதிகாரி சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். வகுத்து வகுத்தே பாடமான எண்களை அண்ணா ஒவ்வொருவராகக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனான். யாரோ சிரித்ததாகக்கூட ஞாபகம்.

“இவன் கணக்குப் படிக்கிற பிள்ளை ஐயா, வேறொண்டும் தெரியாது,” என்று அம்மா தமிழில் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. இத்தனை பேரின் எண்கள் இவனுக்கு ஏன் பாடம் என்ற சந்தேகத்தில் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவன் எண்ணைச் சொல்லிச் சொல்லி அம்மா முகாம் முகாமாகத் தேடியும் அவன் வரவில்லை. லொட்ஜை இடித்துவிட்டார்கள். என் பிள்ளைகளின் பெயர்களே இப்போது அம்மாவுக்குத் தடுமாறுகின்றன. ஆனால் எந்த அலுவலகத்தில் அவவின் எண்ணைக் கேட்டாலும், அண்ணாவின் எண்ணைத்தான் சொல்கிறா.