தொடாத பல்லி

என் மாமியாரின் தலையில் பல்லி விழுந்தபோது, அவரை ஆபரேஷனுக்கு அழைத்துப் போக ஆட்டோ வாசலுக்கு வந்துவிட்டது. தலையில் விழுந்தால் சாவு என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. விழுந்த பல்லி அது பாட்டுக்கு ஓடிவிட்டது. இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தோஷத்துக்குப் பரிகாரம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பெருமாள் கோயில் கூரையில் தங்கத்தில் ஒரு பல்லி, வெள்ளியில் ஒரு பல்லி. அவற்றைத் தொட்டால் தோஷம் போய்விடும். குடத்துத் தண்ணீரில் பல்லி விழுந்ததைக் கவனிக்காத இரண்டு சீடர்களைப் பல்லியாகவே போகும்படி முனிவர் சபித்துவிட்டாராம். அவர் நான் படித்த காலேஜ் விடுதியில் சாப்பிட்டிருந்தால் சமையல்காரர் ஒருவர்கூட மனிதராக மிஞ்சியிருக்க மாட்டார்.

ஆனால் மத்தியானம் நடை சாத்தியிருந்தது. அதற்கும் வழி உண்டு. அந்தப் பல்லிகளைத் தொட்டவர் கையால் தொட்டாலே போதும்.

"நீ பொறந்ததே சின்ன காஞ்சிபுரம். தொட்டிருப்பியே. அந்தக் கைய என் தலமேல வைம்மா."

நான் தொட்டதே இல்லை. வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்தவள் நான். உள்ளூர்க்காரிக்கு என்ன அவசரம், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று முப்பத்தைந்து வயதாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் அப்படியொன்றும் பாசம் வழிந்ததில்லை. ஆனால் அவர் தலையைக் குனிந்து காட்டினார்.

"தொட்டிருக்கேன் அத்த," என்று தலையில் கை வைத்தேன். எழுந்து ஆட்டோவில் ஏறிவிட்டார்.

தியேட்டர் கதவைச் சாத்தியதும் எனக்கு உதறல் எடுத்தது. சாமியாவது பல்லியாவது என்று பேசித் திரிந்த எனக்குத்தான். அரை மணி பொறுத்துப் பார்த்தேன். வெளியே உட்கார்ந்திருந்த கணவரிடம், "வீட்டுக்குப் போய் பிளாஸ்க் எடுத்துக்கினு வரேன்," என்று சொல்லிவிட்டு நேரே கோயிலுக்கு ஓடினேன். அப்போதுதான் நடை திறந்திருந்தார்கள்.

பல்லியைத் தொட ஏறும் படியருகே நின்ற கோயில் ஊழியர், "எந்த ஊரும்மா?" என்றார்.

"திருச்சி," என்றேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

தங்கத்தையும் வெள்ளியையும் தலையிலிருந்து வால் வரை அழுத்தித் தடவினேன். தொட்ட கைக்குத்தான் சக்தி என்றால், அது மத்தியானம் வைத்த கைக்கும் போய்ச் சேரட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

"ஒரு வாட்டி தொட்டா போதும்மா, நகருங்க."

நான் நகரவில்லை. அந்த அம்மாள் பிழைத்து வர வேண்டும். வந்து என் சாம்பாரில் உப்பில்லை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்.