அண்டாவில் யார் பேர்?

இன்று மதுரையில் ஒரு பாத்திரக் கடைக்குச் செம்பு வாங்கப் போனேன். எனக்கு முன்னால் மேலூர்க்காரர் ஒருவரும் அவர் மனைவியும் நின்றார்கள். அவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறாராம்.

அந்த அம்மாள் பெரிய பித்தளை அண்டா ஒன்றைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கறது ரெண்டு பேரு. இம்புட்டுப் பெரிய அண்டாவுல என்னத்தக் காய்ச்சப் போற? அதான் மாசாமாசம் பென்சன் வரும்ல?" என்றார் கணவர்.

எனக்கும் அதே கேள்விதான். காதைத் தீட்டிக்கொண்டேன்.

அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "பென்சன் நீங்க இருக்குற வரைக்குந்தான் வரும். பெறகு பொண்டாட்டிக்குத் தர இன்னும் சட்டமே வரலியே, எனக்கு எந்தச் சர்க்கார் தரும்? இது மோர் வித்துச் சேத்த காசு. அண்டான்னா ஆத்திர அவசரத்துக்கு அடகு வைக்கலாம்."

கணவர் அண்டாவை எடை போடச் சொன்னார்.

பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் உளியோடு வந்து, வழக்கம்போலக் கணவரிடமே கேட்டார்: "என்ன பேருண்ணே வெட்ட?"

அவர் கொஞ்சம் தயங்கி, "அவகிட்டக் கேளுங்க" என்றார்.

நானும் சர்க்கார் உத்தியோகஸ்தன்தான். வீடு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனேன். அண்டா, குண்டா எல்லாவற்றிலும் என் பேர். கரண்டியில்கூட.

உங்கள் வீட்டு அண்டாவில் யார் பேர்? போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.